பட்டியலில் வாப்பாவின் பெயர் இல்லை

மூன்றே முக்காலுக்குக் கடைசி மணி அடிக்கும்போது சுமைரா அக்கா பள்ளியின் இரும்பு கேட்டருகே வந்து நின்றிருப்பார். கையில் ஒரு தடித்த நோட்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விடுவார்கள். மூன்றாம் வகுப்பு வரை உள்ளவர்கள் இவர் விட்டால்தான் தெருவுக்கு இறங்க முடியும். சம்பளம் கிடையாது. மகன் ஃபாயிஸ் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். கணவர் அபுதாஹிர் சார்ஜாவில் டிரைவர். பெற்றோர் குழுவில் பதினோரு பேர் உண்டு. மற்றவர்கள் முறை வைத்து வருவார்கள். இவருக்கு முறை கிடையாது, தினமும் வருவார்.

நான் அங்கே தற்காலிகக் கம்ப்யூட்டர் வாத்தியார். என் அறை ஜன்னல் நேராகக் கேட்டைப் பார்த்திருக்கும்.

கோட்டாற்றில் அந்தத் தெரு, இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு. முன்பெல்லாம் யார் வந்து கை பிடித்தாலும் பிள்ளைகள் போகும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையனை, உம்மாவின் தம்பி என்று சொல்லி ஒருவன் கூட்டிப் போனான். சாயங்காலம் ஆறரைக்குக் கேரள எல்லையில், களியக்காவிளை பஸ் நிலையத்தில் பையன் மட்டும் கிடைத்தான். அதற்கு அடுத்த வாரமே சுமைரா அக்கா நோட்டோடு கிளம்பிவிட்டார். நூற்று நாற்பது வீடு. ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர், மூன்று போட்டோ. அந்த மூவரைத் தவிர யார் வந்தாலும் பிள்ளை வெளியே வராது. அந்த விதியையும் அவரேதான் எழுதினார்.

அப்போது ஒன்று நடந்தது. பாதி வீடுகளில் வாப்பாமார் வளைகுடாவில். "மாப்பிளைக்க பேரையும் போடட்டா?" என்று கேட்டால் பெண்கள் சிரித்தார்கள். "அவரு துபாயில இருந்து நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவப் போறாராக்கும்?" அக்காவும் சேர்ந்து சிரித்தார். உம்மா, தாய்மாமன், வாப்பாவைப் பெற்ற வாப்பும்மா என்று எழுதி முடித்தார். பிறகு வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கும் அதே வழக்கம்தான். ஃபாயிஸின் பக்கத்தில் அபுதாஹிரின் பெயரும் இல்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நாலரைக்குப் பிள்ளைகள் எல்லாம் போய் ஒன்றாம் வகுப்பு ஹிபா மட்டும் மிச்சம். அவள் உம்மா ரெனிஷா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். வேலை நேரத்தில் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். பஸ் பிடித்து வந்து சேர ஐந்தாகும்.

கேட் முன்னால் ஒரு டாக்ஸி வந்து நின்றது. மேலே கயிறு சுற்றிய அட்டைப்பெட்டிகள். இறங்கியவருக்கு நாற்பது வயது இருக்கும். தாடியில் நரை, தூக்கமில்லாத கண்கள்.

"ஹிபாவ விடுங்க. நான் அவளுக்க வாப்பா நௌஷாத். ஏர்போர்ட்ல இருந்து நேரா வாறேன். வீட்டுக்குக் கூடப் போவல்ல. யாருக்கும் தெரியாது."

அக்கா நோட்டைப் புரட்டினார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அந்தப் பெயர் அதில் இருக்காது.

"காக்கா, உங்க பேரு இதுல இல்ல" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார்.

"பெத்த வாப்பாக்க பேரு இல்லாத நோட்டு என்ன நோட்டு?"

அக்கா திரும்பி ஹிபாவைப் பார்த்தார். முகத்தை அல்ல, காலை. தெரிந்த ஆள் வந்தால் பிள்ளையின் கால் ஓடும், தெரியாத ஆள் என்றால் தரையில் ஒட்டிக்கொள்ளும் என்பார். ஹிபாவின் செருப்புகள் அசையவில்லை. வாப்பா துபாய் போகும்போது அவளுக்கு இரண்டு வயது.

"யாரு மக்கா இது?"

"தெரியாது" என்று ஹிபா அக்காவின் புர்காவுக்குப் பின்னால் போனாள்.

அன்று அக்காவோடு முறைக்கு நின்றவர் தேவகனி. அவர் அக்காவின் காதில் கிசுகிசுத்தது என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. "ஏட்டி, ரெனிஷாவும் மாப்பிளையும் ஆறு மாசமா பேசல்லன்னு ஒரு பேச்சு உண்டு. பிள்ளையத் தூக்கிட்டுப் போவத்தான் வந்திருந்தா?"

அக்காவின் விரல்கள் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்தன. நௌஷாத் கம்பி வழியாகப் பாஸ்போர்ட்டை நீட்டினார். பெயர் சரி. மனைவி பெயர் ரெனிஷா, அதுவும் சரி. ஆள் தகப்பன்தான். தகப்பனாகவே இருந்தாலும் கூட்டிப் போய் எங்கே வைத்திருப்பார் என்று பாஸ்போர்ட்டில் எழுதியிருக்காது. ரெனிஷாவின் போன் அணைந்து கிடந்தது. நோட்டில் இருந்த மற்ற இருவரும் எடுக்கவில்லை. தலைமையாசிரியை ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போனில், "ஸ்கூல் ரிஜிஸ்டர்ல அப்பா பேரு உண்டுல்லா சுமைரா? நீயே பாத்துச் செய்" என்று வைத்துவிட்டார்.

எதிரே தேங்காய்க்கடை வைத்திருக்கும் முத்துநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் நாலைந்து பேர்.

"என்னம்மா, அவனுக்க பிள்ளைய அவனுக்குத் தரமாட்டியா? நீ என்ன டீச்சரா? கவர்மெண்டு சம்பளம் வாங்குகியா?"

"சம்பளம் வாங்குனா பயந்து தொறந்திருப்பேன் அண்ணாச்சி."

யாரோ சிரித்தார்கள். நௌஷாத் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து உலுக்கினார். இரும்பு அதிர்ந்ததில் ஹிபா வீறிட்டாள். நான் எழுந்து வாசல்வரை போனேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

"தெனமும் வீடியோல என்னப் பாத்துத்தான் அவ சோறு திம்பா. எனக்க மவளுக்கு என்னத் தெரியாதா?"

அக்கா தன் போனை எடுத்தார். பிறகு தன் நம்பரைச் சொல்லி, "டாக்ஸிக்காரருக்க போன்ல இருந்து வீடியோ போடுங்க. வண்டிக்க உள்ள இருந்து பேசுங்க" என்றார்.

நௌஷாத் காருக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அக்காவின் போன் அடித்தது. திரை நிறைய அவர் முகம். அக்கா குனிந்து ஹிபாவிடம் காட்டினார்.

அழுகை சட்டென்று நின்றது. "வாப்பா!" என்றாள். உடனே குரலைத் தாழ்த்தி முறையிட ஆரம்பித்தாள். "வாப்பா, இஞ்ச ஒரு ஆளு வந்திருக்காரு. கேட்டப் போட்டு ஆட்டுகாரு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க வாங்க."

திரையில் இருந்தவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். முத்துநாயகம் தலையைக் குனிந்து கடைக்கு நடந்தார். தேவகனி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். இப்போது திறந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அக்கா திறந்தார். ஆனால் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும்.

"காக்கா, நீங்க உள்ள வாங்க. பிள்ளை வெளிய வராது. ரெனிஷா வரட்டும்."

நௌஷாத் அவரை வெகுநேரம் பார்த்தார். திரும்பிப் போய்விடுவாரோ என்று இருந்தது. நனைந்தபடி உள்ளே வந்து வராந்தாவில் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டி மார்பைத் தொட்டது. ஹிபா பெஞ்சின் மறுகோடியில். அக்காவின் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா கேட்டைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்தானது. ஐந்தேகால். மழையில் பஸ் எங்கோ நின்றுவிட்டது. தேவகனி சொன்னது உண்மையாக இருந்தால், ரெனிஷா வரும்போது இந்த வராந்தாவில் என்ன நடக்கும்? அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

ஐந்து முப்பத்தைந்துக்கு ரெனிஷா ஓடி வந்தாள். டாக்ஸியையும் பெட்டிகளையும் பார்த்து நின்றாள். கேட் திறந்ததும் முதலில் பிள்ளையைத் தூக்கினாள். அப்புறம்தான் அவரைப் பார்த்தாள். மடக்கின குடையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"சொல்லிட்டு வந்தா என்ன? ஏர்போர்ட்டுக்கு வந்திருப்பேன்லா!" சொல்லிக்கொண்டே அழுதாள்.

பேச்சு இல்லை என்பதெல்லாம் வெறும் பேச்சு. தேவகனி வராந்தாத் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

போகும்போது நௌஷாத் நின்றார். "நாலு வருசம் கழிச்சு வந்தவன ஊரு முன்னால பிள்ளைபிடிக்கிறவனாக்கிட்டியளே."

"தப்பு எனக்கதுதான்" என்றார் அக்கா. "உங்க பேர நாந்தான் எழுதாம விட்டேன். ஆனா இல்லாத பேருக்குத் தொறக்க மாட்டேன். நாளைக்கும் தொறக்க மாட்டேன்."

அவர் டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமையிலிருந்தே வாப்பாமார் பெயரையும் சேர்க்க அக்கா திரும்ப வீடு வீடாக ஏறினார். இந்தத் தடவை பெண்கள் சிரிக்கவில்லை. கதை அதற்குள் இடலாக்குடி வரை போயிருந்தது. சிலர் வாசலிலேயே முகத்தைச் சுளித்தார்கள். சிலர் போட்டோவை எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள்.

நௌஷாத்துக்கு முப்பத்தைந்து நாள் லீவு. பள்ளி இருந்த நாளெல்லாம் அவரேதான் வந்தார். பெண்கள் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்பார். ஹிபா ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். அக்கா நோட்டில் கையெழுத்துக்கு நீட்டுவார். அவர் போடுவார். ஒருநாள்கூட அக்காவின் முகத்தைப் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மனசுல வச்சிருக்காரு மைனி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள் ரெனிஷா ஒருநாள்.

"வச்சிருக்கட்டும்" என்று அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார் அக்கா.