முக்காடு இல்லாத மூன்று மாதம்

ஜனவரி பத்தொன்பது, திங்கட்கிழமை, மாலை நாலு இருபது. திருப்பதியில் மேகம் மூடியிருந்தது, காற்று இல்லை. என் மனைவிக்கு மூன்றாவது கீமோ ஏறி முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். மொத்தம் ஆறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலை ஊசி குத்துவதற்கு முன்பே அவள் என்னிடம் சொல்லிவிட்டாள்: "இதோட சரி. நாலாவதுக்கு நான் வரல."

காரணம் வாந்தி இல்லை, வாய்ப்புண்ணும் இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். முடி கொட்டிய பிறகு, சித்தூருக்குப் பக்கத்தில் குடிபாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துப் பேசினார்கள். எதிர்வீட்டுக்காரி அழுதேவிட்டாள். "உயிரோட கீறப்பவே துக்கம் விசாரிச்சிக்கினு போறாங்க" என்றாள் இவள். அதற்குப் பிறகு வாசலுக்கே வருவதில்லை. துணி காயப்போடுவதுகூட நான்தான்.

ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அவளுக்குக் குமட்டியது. நான் பையை விரிப்பதற்குள் தலைத்துணியை உருவி வாயில் பிடித்துக்கொண்டாள். துணி பாழாயிற்று. என் பையில் நாலு மாஸ்க், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு தெர்மாமீட்டர் இருந்தன. மாற்றுத் துணி இல்லை. சேலை கட்டத் தெம்பில்லாமல் நைட்டியில் வந்திருந்ததால் தலையில் போட முந்தானையும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அவளை ஒரு சிமெண்டுப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, முன்னால் மறைத்து நின்றேன்.

"இன்னாத்துக்கு தட்டி மாதிரி நிக்கிறீங்க? நகருங்க. யாரு பாக்குறாங்க?"

திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. மலையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து மொட்டைத் தலைகளாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணியவரை நாற்பத்தொன்று; அதில் ஒன்பது பெண்கள். அவர்களுக்கு நடுவில் இவள் பத்தாவது, அவ்வளவுதான்.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த ஒரு அம்மாள் இவளெதிரில் நின்று, தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று தெலுங்கில் கேட்டாள். "பாகா ஜரிகிந்தி" என்று இவள் கூசாமல் சொன்னாள். ரத்தத்தில் வெள்ளணு குறைகிற சமயம், கழுவிய கையா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் உச்சியிலிருந்து பிடரிவரை நிதானமாகப் பூசினாள். பிறகு என் நரைமுடியைப் பார்த்து, "சாமி, நீங்க குடுக்கலயா?" என்றாள்.

"அவரு எத்தினி முடி கீதுன்னு எண்ணிக்கினு கீறாரு" என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள். இவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பது மட்டும் எனக்குக் கணக்கில் வரவில்லை.

அந்த அம்மாள் போனதும், "பொய் சொல்றியே" என்றேன்.

"முடி போனது மெய்தானே. எங்க போச்சின்னா கேட்டாங்க?" என்றவள், "ஜில்லுனு கீது. பசிக்குது" என்றாள்.

வெளிச் சாப்பாடு கூடாது என்பது என் சட்டம். அன்று சட்டியிலிருந்து நேராக எடுத்த இட்லியாகக் கேட்டு வாங்கினேன். ஒன்றரை இட்லி தின்றாள். நாக்கில் இரும்பு ருசிதான் என்றாள், ஆனால் தட்டைத் தள்ளவில்லை. சித்தூர் பஸ் இரண்டு போய்விட்டன, அவள் எழுந்திருக்கவில்லை.

"இந்த ஊர்லயே ஒரு ரூம் பாருங்க" என்றாள். "மத்த மூணையும் இங்கிருந்தே போட்டுக்கிறேன். அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போய் உள்ள குந்திக்கினு இருக்கணும்னா, எனக்கு வாணாம்."

சொந்த வீடு பூட்டிக் கிடக்க வாடகையா என்று ஒருமுறை சொன்னேன். அவள் சந்தனம் காய்ந்த தலையைத் தடவிக்கொண்டு, இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே ஒரு சந்துக்குள் மாடி அறை பார்த்தோம்.

தெம்பிருந்த சாயங்காலங்களில் மாஸ்க் போட்டுக்கொண்டு, வெறுந்தலையோடு காய் வாங்கப் போவாள். நெரிசலான கடையில் நிற்காதே என்று சொல்லிக்கொண்டே நான் பின்னால் போவேன். கத்தரிக்காய்க்காரனிடம் தெலுங்கில் பேரம் பேசுவாள், எனக்குத் தமிழில் திட்டு விழும். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது, மூன்றும் போட்டுக்கொண்டாள்.

மூன்று மாத வாடகை, தரகு, அடுப்பும் பாத்திரமும், கரண்டு பில் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது இருபத்தாறாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழு ரூபாய்.