எதிர்க்கடை அண்ணாச்சியின் லைவ் சிடி

ஞானராஜ் அண்ணாச்சி போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்திருந்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கடை ஷட்டரை இறக்கினேன். கோவில்பட்டியில் ஒரே ரோட்டில் எதிரெதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை நடத்தியவர்கள் நாங்கள். போட்டிக் கடைக்காரன் அஞ்சலி எழுதுகிறானே என்று அவரை அறிந்த நீங்கள் சிரிக்கலாம். அவரும் சிரித்திருப்பார்.

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று யார் வந்தாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஃபார்மேட் போட்டுவிடுவேன். உள்ளே இருந்தது அழிந்தால் அது அவர்கள் பாடு. அண்ணாச்சி லைவ் சிடியைப் போடுவார். ஹார்ட் டிஸ்க்கின் தயவு இல்லாமல் அந்த சிடியிலிருந்தே கம்ப்யூட்டர் ஓடும். உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைத்த பிறகுதான் மற்ற வேலை. பிற்காலத்தில் பென் டிரைவுக்கு மாறினார், அதையும் சிடி என்றே சொன்னார்.

கழுகுமலையிலிருந்து வந்த டீச்சர் ஒருவர் அரைநாள் காத்திருந்து சலித்துக்கொண்டார். "தீப்பிடிச்ச வீட்டுல மொதல்ல ஆளை வெளிய கொண்டாரணும் டீச்சர். வெள்ளை அடிக்கதைப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி. எனக்கு அது வேலையை இழுத்தடிப்பதாகத்தான் பட்டது.

பிறகு ஒருநாள் என் வீட்டுக் கம்ப்யூட்டரே படுத்துவிட்டது. மகள் பிறந்தது முதல் ஐந்து வயது வரை எடுத்த படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. இன்னொரு பிரதி எடுத்து வைக்கும்படி என் மனைவி செல்வி சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள். நல்லவேளை, அன்று அவள் நாகலாபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

"என்னவே, ஊரு கம்ப்யூட்டருக்கெல்லாம் ஃபார்மேட் போடுதீரு. இதுக்கு மட்டும் மனசு வரலையோ?"

அதற்கு மேல் குத்திக்காட்டவில்லை. சிடியைப் போட்டார். ஹார்ட் டிஸ்க் தெரியவே இல்லை. உள்ளே அப்பியிருந்த கரிசல் புழுதியைத் துடைத்து, கேபிளை மாற்றினார். மூன்றாவது தடவை தெரிந்தது. ஃபோல்டர் திறந்ததும் எழுந்து எனக்கு நாற்காலியைத் தந்தார்.

"உம்ம வீட்டுப் படம். நீரே பாரும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தொட்டிலில் கிடந்த மகள் திரையில் வந்தாள். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

இந்தக் கதையைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. போன வாரம் அண்ணாச்சியின் அடக்கம் முடிந்து திரும்பும்போதுதான் செல்வியிடம் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "நீங்க போனை எடுக்கலைன்னு அண்ணாச்சி கடைக்குப் போட்டேன். அவியளுக்குப் பொய் சொல்ல வரலை. 'படம் எல்லாம் பத்திரமா இருக்கும்மா. ஆளு பயந்துபோய் இருக்காரு, ஒண்ணும் கேட்டுக்கிடாதீங்க'ன்னாவ. நானும் கேக்கலை."

இப்போதெல்லாம் லைவ் சிடி போட்டுப் பார்க்காமல் நான் எதையும் அழிப்பதில்லை. இது அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட தொழில். தப்புச் செய்துவிட்டு முகம் வாடி வந்து நிற்பவரிடம் ஒன்றும் கேட்பதும் இல்லை. இதுவும் அவருடையதுதான்.