ஐஸில் வந்த சீசா

எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பக்கத்துக் கிராமமான கெடாரிலிருந்து வந்த அந்த விவசாயியை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது.

குழந்தையில்லை. புது விந்தணு உருவாகி முதிர மூன்று மாதமாகும் என்று டாக்டர் சோதனை எதுவும் செய்யாமலே அதுவரை மாத்திரை கொடுத்து, பிறகு என்னிடம் அனுப்பினார். நெற்றி நிறைய விபூதியோடு, கையில் பிளாஸ்க்குடன் வந்தார். உள்ளே சீசா, அதைச் சுற்றி ஐஸ்கட்டி. மாட்டாஸ்பத்திரியில் காளையின் விந்தை அப்படித்தான் வைக்கிறார்களாம்.

மைக்ரோஸ்கோப்பில் ஓர் அணுகூட அசையவில்லை. ஐஸ் வேண்டாம் என்று சொல்லி, ரிப்போர்ட் எழுதாமல் திருப்பி அனுப்பினேன். மறுபடியும் ஐஸோடு வந்தார். நான்காம் முறை என் பொறுமை போய்விட்டது.

“ஐஸ் வெச்சா செத்துப்பூடும்னு எத்தினி வாட்டிங்க சொல்றது?”

அவர் கதவைச் சாத்தினார். “தெரியுங்க. எம் பொண்டாட்டி மேல கொறன்னு சொல்லிக்கினு, எங்கம்மா எனக்கு வேற பொண்ணு பாக்குது. கொற எங்கிட்டன்னு நீங்க எழுதிக் குடுத்தாதான் அவ வூட்ல இருப்பா.”

‘அணுக்களில் அசைவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை. ஐஸைப் பற்றி எழுத அந்தத் தாளில் இடமில்லை.