சத்தம் வராத வீடு

பஞ்சர்க்காரருக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரிமேல் வருஷக்கணக்காய் வயிற்றெரிச்சல். அவளிடம் ஒன்றும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. புருஷன் லாரியோடு ஊர் ஊராய்ப் போகிறவன், பாதி நாள் வீட்டிலேயே இருக்கமாட்டான். எரிச்சலெல்லாம் அவள் பெற்ற இரண்டைப் பார்த்துத்தான். ஏழு வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் இருக்கிற சத்தமே வராது. இந்தப் பக்கமோ, அவர் பெற்ற மூன்றும் கட்டிலில் குதித்து, கதவில் தொங்கி, தட்டில் தாளம் போட்டுத் தெருவையே கூட்டும்.

"அவளும்தான் பெத்திருக்கா, நாமளும்தான் பெத்திருக்கோம்," என்று டயரை நெம்பிக்கொண்டே புலம்புவார். "அந்தப் பையன் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைக்கிறான். நம்ம வானரம் ஒத்தச் செருப்போட வந்து நிக்குது!"

"முதல்ல உங்க செருப்பு எங்க கிடக்குன்னு பாருங்க," என்பாள் மனைவி. அவருக்கு இன்னும் எரியும்.

ஒரு மத்தியானம் தையல்காரியின் அந்தத் தங்கக் கம்பி, விளையாட்டில் லேசாக இடித்ததற்கு, பஞ்சர்க்காரர் மகனின் தோளில் பல் பதியக் கடித்துவிட்டான். மகன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். காயத்துக்கு மருந்து தடவும்போதே அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, பொய் சொல்வானேன். இன்றைக்கு மாட்டினாள் என்று அழுக்குக் கையோடே நியாயம் கேட்கக் கிளம்பினார்.

வாசலில் பையன் குறுக்கே நின்றான்.

"மாமா, என்னை இங்கயே அடிச்சிடுங்க. உள்ள போகாதீங்க. சத்தம் கேட்டா அம்மா அழுவாங்க."

தன் மூன்றில் ஒன்றாவது இப்படிக் குறுக்கே நிற்குமா என்று அப்போதும் அவருக்குப் பொறாமைதான் வந்தது. பையனை விலக்கிவிட்டு உள்ளே போனார்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மெஷின்மேல் வெட்டிப் போட்ட துணியில் தூசி படிந்திருந்தது. தையல்காரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்; பல நாளாய் வாராத தலை. கட்டிலோரம் சின்னவள் உட்கார்ந்து, பொம்மையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

கொண்டுவந்த நியாயத்தை விட்டுவிட்டுக் கட்டிலருகே குனிந்தார். "என்னம்மா, உடம்புக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே. சின்னவ பொறந்ததுல இருந்தே இப்படித்தான், வந்து வந்து போகுது. எந்திரிக்கணும்னு நினைக்கிறேன், முடியல. புள்ளைங்க முதல்ல என் மூஞ்சியப் பாக்குதுங்க, அப்புறம்தான் மூச்சே விடுதுங்க. நான் ஒரு நாளும் அதட்டினதில்லண்ணே."

பஞ்சர்க்காரர் வெளியே வந்து லாரிக்காரனுக்குப் போன் போட்டார். "ஊரை அப்புறம் சுத்தலாம். வண்டியை ஓரங்கட்டிட்டு வந்து சேருடா."

புருஷன் வந்து அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர் அதற்கு மனச்சோர்வு என்று பேர் சொன்னார். குணமாகிவிடும், கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் தங்கட்டும் என்றார். பிள்ளைகள் இரண்டும் அதுவரை பஞ்சர்க்காரர் வீட்டில் என்று முடிவாயிற்று.

துணிப்பையோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவள், கையசைத்து அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அண்ணே, பெரியவன் என் எதிர்ல அழவே மாட்டான். எனக்கு ஏதாவது ஆயிடும்னு அவனுக்குப் பயம். உங்ககிட்ட வந்து அழுதான்னா, ஆம்பளப் பையன் அழலாமான்னு மட்டும் கேட்டுடாதீங்க. பக்கத்துல உக்காந்துக்குங்க, போதும்."