மூணாம் மனுஷங்க கேம்

எங்கள் அண்ணியோடு லிஃப்டில் ஏற வீட்டில் எல்லோருக்கும் பயம். மூன்றாம் மாடிக்குப் போக வேண்டுமென்றால் மூன்றை அழுத்திவிட்டுச் சும்மா நிற்க மாட்டார். மூன்றையும் ஐந்தையும் சேர்த்து அழுத்துவார். கதவு மூட ஆரம்பித்ததும் திறக்கிற பட்டனைத் தொடுவார். "என்ன அண்ணி பண்றீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, என்ன பண்ணுதுன்னு பாக்கறேன்" என்பார். ஒரு தடவை அது என்ன பண்ணியது என்றால், நாங்கள் இருவரும் உள்ளே இருக்க, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. நான் கூப்பாடு போட்டேன். அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டிலிருந்த அத்தனை சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஹாலில் ஒரு சுவிட்ச் எதற்குமே இல்லாமல் சும்மா இருப்பதைக் கண்டுபிடித்தார். அத்தனை வருஷமாக அங்கே குடியிருந்த அம்மாவுக்கே அது தெரியாது. "வந்ததும் வராததுமா குத்தம் கண்டுபிடிச்சிட்டா பாரு" என்று அம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் அண்ணிக்குச் சம்பளம். வீடியோ கேம்களைப் பரிசோதிக்கிற வேலை. கையில் வைத்தும் ஆடலாம், டிவியில் செருகியும் ஆடலாம் என்று ஒரு பெட்டி எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே, அதற்கான கேம்கள். அந்தப் பெட்டியைச் செய்கிற கம்பெனி தானும் கேம் செய்கிறது. அவையெல்லாம் வீட்டுப் பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. மற்ற கம்பெனிகள் செய்து கொண்டுவருவதை அந்தத் தொழிலில் தேர்ட் பார்ட்டி என்பார்கள். அண்ணியின் ஆபீசில் அதற்கு 'மூணாம் மனுஷங்க கேம்' என்று பெயர். பெரிய மெஷின்களுக்கென்று யாரோ செய்த கேமை இந்தச் சின்னப் பெட்டியில் ஓடும்படி மாற்றித் தருவதுதான் அவர்கள் ஆபீசின் வேலை.

மூணாம் மனுஷங்க கேம் என்றாலே ஊரில் இளக்காரம். அதற்குக் காரணமும் உண்டு. பெட்டிக்குச் சக்தி கம்மி என்பதால் எல்லாவற்றையும் சுருக்க வேண்டும். அவசர அவசரமாகச் சுருக்கிவிடுவார்கள். மரத்தில் இலை இருக்காது. ஆள் ஓடினால் படம் தத்தித் தத்தி வரும். எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். தூரத்தில் காட்ட முடியாததையெல்லாம் மூடுபனி போட்டு மறைத்துவிடுவார்கள். பாலைவனத்தில் கூட, நட்ட நடுப்பகலில், மூடுபனி!

அண்ணிக்கு இதில் பழைய வஞ்சம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவருடைய அப்பா பிறந்தநாளுக்கு ஒரு கேம் வாங்கித் தந்தார். அதில் பாதியில் ஓர் ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் இறங்க வேண்டும்; இறங்கவே இல்லை. அந்த விடுமுறை முழுக்க இந்தக் கரையிலேயே நின்றுகொண்டு, தனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று அழுதாராம். கோளாறு கேமில்தான் என்று தெரியப் பல வருஷம் ஆனது. "அந்தப் புள்ளய அழ வச்சவங்கள நான் சும்மா விடமாட்டேன்" என்பார், அந்தப் பிள்ளை வேறு யாரோ மாதிரி.

ஆபீசில் அவருக்குச் 'சுவர்முட்டி' என்று பட்டப்பெயர். புது கேம் வந்தால் மற்றவர்கள் சண்டை போடுவார்கள், புதையல் தேடுவார்கள். அண்ணி ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு அது முடிகிற வரை முட்டிக்கொண்டே போவார். எங்காவது ஓட்டை இருந்தால் ஆள் சுவருக்குள் புகுந்து அந்தரத்தில் விழுவான். விழுந்துவிட்டால் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போதே பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்.

போன வருஷம் அவர்களுக்கு ஒரு பெரிய கேம் வந்தது. முழுக்கப் பாலைவனம். முதலாளி வழக்கம்போல மூடுபனி போடச் சொன்னார். அண்ணி மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "குப்பைய சோஃபாவுக்கு அடியில தள்ற வேலை இது சார். நாலு மாசம் குடுங்க, கடைசி மணல்மேடு வரைக்கும் தெரியும்" என்று பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். சொன்னபடி தெரிந்தது. ஆனால் கடைக்கு வருமுன் பெட்டிக் கம்பெனிக்காரர்கள் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அவர்கள் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள்: 'கையில் வைத்துப் புதிதாகத் தொடங்கும்போது திரை உறைந்து நிற்கிறது.'

ஆபீசில் ஆறு பேரும் ஆறு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. மறுபடி அனுப்பினார்கள். மறுபடி அதே வரி வந்தது. முதலாளி அண்ணியைக் கூப்பிட்டு, "மூணாவது தடவையும் திரும்பினா இந்தப் பிரிவ மூடிடறத தவிர வேற வழியில்லம்மா. பேசாம பனியப் போட்டு எப்பவோ முடிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணிக்கும், அவரை நம்பி நாலு மாதம் உழைத்த மற்ற ஐந்து பேருக்கும் வேலை போய்விடும்.

அன்று மாலை நானும் அண்ணியும் லிஃப்டில் ஏறினோம். அண்ணி மூன்றை மட்டும் அழுத்திவிட்டுச் சும்மா நின்றார்.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"என்கிட்ட ஒரு தடவ காட்டுங்களேன் அண்ணி" என்றேன்.

"கடைக்கு வரதுக்கு முன்னாடி தேர்ட் பார்ட்டி யாருக்கும் காட்டக் கூடாதுன்னு ஒப்பந்தம்டி வாயாடி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்போ நான் என்ன, மூணாம் மனுஷியா?"

"அதுக்கில்லடி..." என்று ஆரம்பித்த அண்ணி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆமா. நீ மூணாம் மனுஷிதான்."

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது எனக்கு.

"உக்காருடி. நாங்க ஆறு பேரும் அத நூறு தடவ தொடங்கிட்டோம். கை தானா போகுது. அத இதுவரைக்கும் கண்ணாலயே பாக்காத ஒரு ஆளு வேணும் எங்களுக்கு. நாளைக்கி லீவு போடு. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

ஆபீஸ் என்றதும் நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், ஜன்னல் திரையை இழுத்து மூடிய ஓர் அறை, வயர்களுக்கு நடுவே நாற்காலிகள், ஆறின டீ. வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஆறு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

கேம் முதலில் என் பெயரைக் கேட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். ஒருநாள் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்திருக்க, ஒருவருக்கு விட வேண்டிய சொட்டு மருந்தை நர்சுகள் இன்னொருவருக்கு விடப் போனார்கள். அன்றிலிருந்து யார் வந்தாலும் "முழுப் பேர் சொல்லுங்க" என்பேன். என் பெயரையும் எங்கே எழுதினாலும் அப்பா பெயரோடு முழுசாகத்தான் எழுதுவேன். அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பான் அண்ணன்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினேன். "ஏதாவது ரெண்டெழுத்து போடுங்க மேடம், போதும்" என்றார் அந்த ஆறு பேரில் கண்ணாடி போட்டிருந்தவர்.

"என் பேர் ரெண்டெழுத்து இல்லையே சார்" என்றேன்.

முழுசும் போட்டு முடித்தேன். திரையில் ஓர் ஓலை விரிந்தது. 'அன்புள்ள' என்று தொடங்கி என் பெயர் பாதி வரை வந்தது. அப்படியே நின்றது.

"ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணல!" என்று பெட்டியை மேஜையில் வைத்துவிட்டேன்.

அண்ணி போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "இன்னொரு தடவ போடுடி! அப்படியே போடு!" போட்டேன். மறுபடியும் நின்றது. அண்ணி என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளியதில் இரண்டு நாள் சிவந்திருந்தது.

பரிசோதிக்கிறவர்களுக்குப் பெயர் போட நேரம் ஏது? ஆறு பேரும் முதல் நாளிலிருந்து ஏ என்ற எழுத்தையே மூன்று தடவை தட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஆபீசில் எல்லாருக்கும் பெயர் 'ஏஏஏ' தான். என்னை மாதிரிப் பெயர் டிவியில் ஒரே வரியில் அடங்கிவிடும். கையில் இருக்கிற சின்னத் திரையில் இரண்டாம் வரிக்கு இறங்க வேண்டும். இரண்டாம் வரிக்கு யாரும் இடமே விட்டிருக்கவில்லை. உலகத்துச் சுவரையெல்லாம் முட்டிப் பார்த்த அண்ணி, வாசற்படியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரர் மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டார்.

மூன்றாம் தடவை அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை. ஒருநாள் நான் யாரிடமோ முழுப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பாஸாயிடுச்சுடி" என்றார் அண்ணி. அப்பாடா என்று இருந்தது எனக்கு. எதிரே நின்றவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தேன். அன்று மாலை லிஃப்டில் அண்ணி மூன்றையும் ஐந்தையும் சேர்த்து அழுத்தினார்.

கேம் கடைக்கு வந்ததும், அண்ணி ஆடியவர்கள் எழுதியதையெல்லாம் அடுப்படியில் நின்றபடி எனக்குப் படித்துக் காட்டினார். "'கடைசி மணல்மேடு வரைக்கும் தெரியுது. மூணாம் மனுஷங்க செஞ்ச மாதிரியே இல்ல.' கேட்டியா? மாதிரியே இல்லையாம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வரியை மறுபடி படித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த கேமை ஆடி முடித்தார். முடிந்ததும் உழைத்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஊர்ந்து வந்தன. என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"என்ன, தேர்ட் பார்ட்டின்னு ஒரு மூலையில போட்டிருக்கீங்களா?" என்றேன்.

"வாய மூடிக்கிட்டுப் பாரு."

பரிசோதித்தவர்கள் வரிசையில் முதலில் அண்ணியின் பெயர் வந்தது. அதற்கு நேர்கீழே என் பெயர், அப்பா பெயரோடு, முழுசாக. அந்தச் சின்னத் திரையில் ஒரு வரியில் அடங்காமல் இரண்டாம் வரிக்கு இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எதுவும் நிற்கவில்லை. அடுத்து கண்ணாடிக்காரரின் பெயர் வந்தது.