இரண்டு பேருக்கு ஒரே எக்ஸ்ரே

1983ஆம் ஆண்டு. அப்போது நான் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், கம்பெனி வேலைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் ஒரு ஷீட் அறையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். லாரி கிளீனர், ஓட்டல், வெல்டர் ஹெல்பர் என்று எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. பக்கத்துப் பாயில் படுத்தவன் பாரூர்ப் பக்கத்துக்காரன். பதினைந்து வயதிலிருந்து ஜல்லி உடைக்கும் கிரஷரில் வேலை செய்து, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டு ஓசூர் வந்திருந்தான். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில்.

வளைகுடா நாடு ஒன்றில் குழாய் பதிக்க ஆள் எடுப்பதாகப் பெங்களூர் ஏஜென்ட் ஒருவர் சொல்ல, இருவரும் பெயர் கொடுத்தோம். அவனுக்கு மெடிக்கலை நினைத்துத்தான் பயம். முந்தின வருடம் இதே மாதிரி போனபோது, எக்ஸ்ரேயில் நெஞ்சில் கறை தெரிகிறது என்று கழித்துவிட்டிருந்தார்கள்.

“உன் நெஞ்சு இரும்பாட்டம் கீது மச்சான். என் பேருக்கும் நீயே போய் நின்னுடேன்” என்றான்.

எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் சீட்டில் உள்ள பெயரைத்தான் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. முதல் நாள் என் பெயருக்கு நின்றேன். நான்கு நாள் கழித்து மீசையை எடுத்துவிட்டு, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் பெயருக்கு நின்றேன். படம் எடுப்பவர் மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினார். பிடித்தேன். இருவரும் பாஸ்.

“ஒரே நெஞ்சுல ரெண்டு பேரு போறோம். பிளேன்லயும் ஒரே சீட்டு போதும்னு சொல்லிடலாமா?” என்று பஸ்ஸில் அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

குளிர்காலத்தில் போய் இறங்கினோம். முதல் சில மாதங்கள் ஒன்றுமில்லை. வெயில் ஏற ஆரம்பித்ததும் மண்காற்று வந்தது. நம் ஊரில் ஆடிக்காற்று அள்ளி வீசும் புழுதியைப் பார்த்தவர்கள் அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. பட்டப்பகலில் வானம் செங்கல் நிறமாகிவிடும். வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு நகரும். நனைத்த கைலியைக் கதவு இடுக்கில் திணித்தாலும் மாவு மாதிரி உள்ளே வந்துவிடும். காலையில் எழுந்தால் தலை வைத்த இடம் மட்டும் தலையணையில் வெள்ளையாக இருக்கும். சோற்றில் நறநறப்பு, கண்ணில் உறுத்தல், மூக்கைச் சிந்தினால் சேறு. முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவோம்.

இரண்டு மூன்று நாளில் காற்று அடங்கும். எங்கள் இருமலும் ஒரு வாரத்தில் அடங்கும். அவனுக்கு அடங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஈரத்தில் குந்தியபடி மூச்சு விடுவான்.

கேம்ப் டாக்டர் மலையாளி, நல்ல மனிதர். அவன் ஃபைலில் இருந்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “வரும்போது எடுத்த படம் கிளீன். நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லா. இது பொடி, இந்தத் தூசி அலர்ஜி. மருந்து குடிச்சா மதி, போதும்” என்று சிரப் கொடுத்து அனுப்பினார். அவர் தூக்கிப் பார்த்தது என் நெஞ்சை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று அறைக்கு வந்ததும், “உண்மையைச் சொல்லிடலாம்டா” என்றேன்.

“வாயத் தொறக்காத மச்சான். ரெண்டு பேரையும் அடுத்த பிளேன்ல ஏத்திடுவான். மறுபடி நான் கிரஷருக்கா போறது? இன்னும் ரெண்டு மாசம், காத்து நின்னுடும். அப்பறம் நான் சரியாயிடுவேன்.”

அவனுக்காகத்தான் வாயை மூடினேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அது பாதி பொய். எனக்கும் திரும்பி வர மனமில்லை. அந்தப் பருவத்தில் இன்னும் நான்கு முறை காற்று அடித்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர் அதே படத்தைப் பார்த்தார், அதே சிரப்பைக் கொடுத்தார். கடைசிக் காற்றில் அவன் குழாய் பதிக்கும் பள்ளத்துக்குள்ளேயே சுருண்டு விழுந்தான். நகரத்து ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு படம் எடுத்து, ‘வேலைக்கு லாயக்கில்லை’ என்று எழுதி, ஃபைலில் இருந்த பழைய படத்தையும் புதியதையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். தனியாக அனுப்ப முடியாத நிலை. துணைக்கு நானும் வந்தேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். அவன் மனைவி கவரிலிருந்து இரண்டையும் எடுத்து நீட்டினாள்.

“போறப்ப நல்லாத்தாங்க இருந்தாரு. இதோ, படத்தப் பாருங்க.”

ஜன்னல் பக்கம் இரண்டையும் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, “இந்த நெஞ்சா ஒரே வருஷத்துல இப்படி ஆச்சு?” என்றார். கட்டிலில் கிடந்தவன் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

டாக்டரம்மா வெளியே போனதும் பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “அங்க இருந்த டாக்டர்கிட்ட இதச் சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லைங்க.”

“ஏற்கெனவே கல்லுத்தூசி தின்ன நுரையீரல். சொல்லியிருந்தா முதல் காத்துலயே திருப்பி அனுப்பியிருப்பாங்க. இன்னும் சில வருஷம் இருந்திருப்பாரு. இப்ப எங்கிட்ட ஒண்ணுமில்லப்பா.”

மூன்று மாதம் இருந்தான். கடைசி வரை உட்கார்ந்தபடியேதான் தூக்கம். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம். காரியம் முடிந்து நான் கிளம்பியபோது அவன் மனைவி குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

“நீங்க கூட இருந்ததாலதாண்ணா உசுரோட ஊடு வந்து சேந்தாரு” என்றாள்.

போச்சம்பள்ளி பஸ்ஸைப் பிடித்தேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அவளிடம் சொல்ல முடியாததைத்தான் பெயர்கள் இல்லாமல் இங்கே எழுதியிருக்கிறேன். எழுதியதால் பாரம் குறைந்துவிடவில்லை. அவன் பெயருக்கு மூச்சைப் பிடித்து நின்ற அந்த ஒரு நிமிடத்தைக்கூட என்னால் மன்னித்துவிட முடிகிறது. வாயைத் திறக்காமல் டாக்டர் வாசலில் நின்ற அத்தனை நாட்களைத்தான் முடியவில்லை.