வெள்ளமும் வறட்சியும் அனுப்பி வைத்த ஆட்கள்

பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவனுக்கு எந்த மாவட்டத்தில் புயல் அடித்தது, எங்கே மழை பொய்த்தது என்பதெல்லாம் கேட்டில் நிற்கிறவர்களின் பேச்சிலேயே தெரிந்துவிடும். ஆள் எடுக்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்து நொந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

தோப்புக்காரர்

எங்கள் கம்பெனியின் அனுப்பர்பாளையம் யூனிட்டுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. யாருக்கோ சிபாரிசுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. வேலை தனக்குத்தான் என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருந்தாராம். ஒரே புயலில் அத்தனையும் சாய்ந்துவிட்டது. என்னிடம் பெட்டி தூக்குகிற வேலைதான் இருந்தது. என்ன வேலை தெரியும் என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“வேலை சொல்லத்தான் தெரியும் தம்பி. செஞ்சு பழக்கமில்ல.”

நாலு மணி

ஊத்துக்குளிப் பக்கத்து அக்கா ஒருவரைத் தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டப் போட்டிருந்தேன். மூன்று எருமைகளை வைத்து, பாலும் வெண்ணெயும் விற்றுக் குடும்பம் நடத்தியவர். இரண்டு வருஷம் மழையில்லை. கிணறு வற்றியது. தீவனத்துக்கு வழியில்லாமல் எருமைகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டினார். கடைசி எருமையை விற்ற வாரத்திலேயே இங்கே வந்துவிட்டார்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார் என்று சூப்பர்வைசர் புகார் சொன்னார். கூப்பிட்டுக் கேட்டேன்.

“கறக்கப் போகோணும்னு எந்திரிச்சர்றனுங்க. நின்னதுக்கப்பறந்தான் எருமை இல்லைங்கற நெனப்பே வருதுங்க.”

மார்க் ஷீட்

தூத்துக்குடிப் பக்கம் வெள்ளத்தில் வீட்டையும் ஆடுகளையும் இழந்த ஒரு அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகளோடு வந்தார். மகளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டே நாள். வயதுக்கு ஆதாரமாக அவள் நீட்டிய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் சேற்றுக் கறை. கணக்கில் தொண்ணூற்றெட்டு.

பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, எழுதிவிட்டு வரட்டும் என்று அம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மகள்தான் கேட்டாள்:

“எழுதிட்டு வந்தாலும் இதே வேலைதான சார் குடுப்பீங்க?”

அவள் பெயரைப் பதிந்துகொண்டேன்.

இவர்களில் ஒருவராவது வேலையே வேண்டாம் என்று சொந்த ஊருக்குத் திரும்பினால், அந்த இடத்துக்கு வேறு ஆள் தேடி அலைகிற தொல்லையை நான் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்வேன். இதுவரை எனக்கு அந்தத் தொல்லை வந்ததில்லை.